கணக்குப் போட்டுக் கட்டினால் சூது ஆகாதா?

“ஹஜ்ரத், சீட்டாடுவது சூது, லாட்டரி சூது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லையே! ஆடுகளம் எப்படிப்பட்டது, இரவில் பனி இறங்குமா, எந்தப் பந்துவீச்சாளரிடம் எந்த மட்டையாளர் திணறுவார் என்று எல்லாம் கணக்குப் பார்த்துத்தானே கட்டுகிறோம். இது அறிவு அல்லவா?”

உளுந்தூர்பேட்டையில் ஜும்ஆவுக்குப் பிறகு படித்த வாலிபர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சென்னை கிண்டிக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே, ஓடும் குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றை எடைபோட்டுக் கட்டுவதால் அது திறமைக்குரிய விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அது நாட்டுச் சட்டத்தின் பேச்சு. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதல்லவா முஃமினுக்குக் கேள்வி?

திருமறை தடுத்த ‘மைஸிர்’ எது என்று பாருங்கள். அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவன் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். ஜெயித்தவர்களோ இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடித்துக்கொள்வார்கள். அதில் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயம் (2:219) சொல்கிறது. பின்னர் மாயிதா அத்தியாயத்தில் (5:90-91) அடியோடு தடை வந்தது. ஷைத்தான் உங்களிடையே பகையை மூட்டவும், இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் அதைக் கருவியாக்குகிறான் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். கட்டுகிறவன் கெட்டிக்காரனா, முட்டாளா என்ற பேச்சே அங்கில்லை.

இன்னும் அழுத்தமான ஆதாரம் ஒன்று உண்டு. ரோமர்கள் பாரசீகரிடம் தோற்றிருந்த நேரத்தில், சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வெல்வார்கள் என்று ‘ரூம்’ அத்தியாயம் இறங்கியது. ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் மக்கத்துக் காஃபிர்களோடு அதன்மேல் பந்தயம் கட்டினார்கள். ரோமர்கள் வென்றார்கள். இது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதியின் ரிவாயத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. சிந்தியுங்கள் சகோதரர்களே! வஹீயின் உறுதி கையிலிருந்து கட்டிய பந்தயத்துக்கே ‘தடைக்கு முன்’ என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தடை வந்த பிறகு நம்முடைய பனிக்கணக்கும் ஆடுகளக்கணக்கும் எந்த மூலைக்கு?

திறமைக்கு இஸ்லாம் எதிரியல்ல. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகிய போட்டிகளுக்குப் பரிசு ஆகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். போட்டியில் இல்லாத ஒருவர் தரும் பரிசை, ஓடுகிறவன் தன் வியர்வைக்கு வாங்குகிறான். கட்டுகிறவனோ பிறர் வியர்வையின்மேல் கை நீட்டி, தோற்ற சகோதரனின் பணத்தை வாங்குகிறான். இரண்டும் ஒன்றாகுமா?

சரி, உலகக் கணக்காவது தேறுமா? புக்கி நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு லாபம் தருகிறான் என்று வையுங்கள். நூறு ஆட்டங்களுக்கு நூறு நூறாகக் கட்டி, ஐம்பதில் ஜெயித்து ஐம்பதில் தோற்றவருக்கு 500 ரூபாய் நஷ்டம். கைமுதல் தேறவே 53 ஜெயிக்க வேண்டும். நீங்கள் பார்க்கிற பனியையும் ஆடுகளத்தையும் பார்த்துத்தான் அவனும் விலை வைக்கிறான். விலை ஏற்ற இறக்கத்தில் அவன் பங்கு முன்பே வெட்டி வைக்கப்பட்டுவிட்டது. குருட்டாம்போக்கில் கட்டுகிறவன் தோற்றால் நஸீப் என்று எழுந்து போகவாவது செய்வான். கணக்குக்காரன் எழுவதில்லை. கணக்கில் எங்கோ பிசகு என்று மறுபடி உட்காருகிறான்.

ஆட்டமும் கெடுகிறது. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தில் யார் வெல்வார் என்பதோடு, எத்தனை புள்ளியில் வெல்வார் என்றும் கட்டுவார்கள். “தோற்க வேண்டாம் தம்பி, கொஞ்சம் குறைத்து ஜெயி, போதும்” என்று மாணவர்களிடம் லஞ்சம் நீட்ட அது வழியானது. நியூயார்க் சிட்டி கல்லூரி அணி 1950-ல் இரண்டு பெரிய தேசியக் கோப்பைகளையும் வென்றது. மறு ஆண்டே அதன் வீரர்கள் இந்தக் குற்றத்தில் கைதானார்கள். நம் நாட்டிலும் 2013-ல் ஐ.பி.எல். வீரர்கள் ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் கைதானதைப் பார்த்தோம்.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடுக்கிறது. சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம் எது, பார்த்தீர்களா? ஆனால் டீக்கடை பெஞ்சில் கைமாறும் பணத்தை எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்? “வா, சூதாடலாம்” என்று தோழனை அழைத்தவனே ஸதகா கொடுக்கட்டும் என்பது ஹதீஸ். வாட்ஸ்அப்பில் “இன்றைக்கு எதில் கட்டலாம்?” என்று கேட்பதும் அந்த அழைப்புத்தான்.

வீட்டிலுள்ள தாய்மார்கள் கேட்பார்கள்: மகன் ஜெயித்துக் கொண்டுவந்த பணத்தை என்ன செய்வது? அடுப்புக்கு அது ஆகாது. யாரிடம் ஜெயித்தானோ அவர் தெரிந்தவரானால் அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆள் தெரியாவிட்டால் நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிவாசல் உண்டியலில் போட வேண்டாம். கட்டுவதற்காக அக்கம்பக்கத்தில் வாங்கிய கைமாற்று இருந்தால், அது கடன்தான். அத்தாவுக்குத் தெரியாமல் மறைக்காமல், இந்த மாதச் சம்பளத்திலிருந்தே அடைக்கத் தொடங்கட்டும்.