விடுதி வாழ்வும் வாய்மையும்

ஆண்டுதோறும் தேவிகுளம், மூணாறு தோட்டங்களின் லயங்களிலிருந்தும், பாலக்காட்டு எல்லையிலுள்ள சித்தூர், முதலமடை ஊர்களிலிருந்தும் நம் தமிழ்ப் பிள்ளைகள் கோட்டயம், கோழிக்கோடு முதலிய இடங்களின் பல்கலைக்கழகங்களுக்குப் பயணமாகின்றனர். பெட்டியில் துணியும் தட்டும் போர்வையும் வைத்தனுப்புகின்றோம். விடுதியின் முதல் இரவில் அறைத்தோழர் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், பின்னர்ச் சாதியும் கேட்பார். அதற்குரிய மறுமொழி யாது? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பொய் தவிர்த்தல் பஞ்சசீலத்துள் ஒன்று. ஆயினும், கேட்டார்க்கெல்லாம் அனைத்தையும் உரைத்தே தீரவேண்டுமென்று தருமம் விதிக்கவில்லை. சொல் உண்மையாகவும் பயனுடையதாகவும் காலமறிந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பதே பகவன் காட்டிய நெறி. ஆகவே, “நாங்கள் பௌத்தர், சாதி பாராட்டுவதில்லை” என்று கூறுவது பொய்யன்று. வேறொரு குலப்பெயரைச் சூடிக்கொள்வதே பொய்.

“சாதியைத் துறந்தோர் சாதிச் சான்றிதழ் காட்டுவது முரணன்றோ?” எனச் சிலர் வினவுவர். முரணன்று. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினர்க்கும் அவ்வுரிமை உண்டென 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. அச்சான்று நம் முன்னோர்க்குச் சமூகம் இழைத்த தீங்கினைக் கூறுவதேயன்றி, நாம் யாவர் என்பதைக் கூறுவதன்று.

1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, நவல் பத்தேனா என்ற பார்சி இளைஞருடன் விடுதியில் உறைந்தார். அந்நட்பு நெடுங்காலம் நிலைத்தது. 1917இல் பரோடாவிலோ, இடந்தருவார் இன்மையால் பார்சிப் பெயர் பூண்டு பார்சிகளின் விடுதியில் தங்க நேர்ந்தது. உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. குற்றம் மறைத்தவரிடம் இல்லை. மறைக்கும்படி செய்தவரிடமே உள்ளது. எனினும், மறைத்து வாழும் அறையில் மன அமைதி இல்லை என்பதும் தெளிவாகின்றது.

பிறர் நம்மை மதித்தல் வேண்டுமென்பதோடு அமையாது, உடனுறையும் பண்பினை நாமும் பயிலல் வேண்டும். கோசம்பியில் பிக்குகள் இரு பிரிவான பூசல், கழிப்பிடக் கலத்தில் எஞ்சிய நீரிலிருந்து தொடங்கிற்றென உரைநூல்கள் கூறும். அவர்களை விட்டகன்ற பகவன், அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் ஆகிய மூவரும் கூடி வாழ்ந்த சோலையை அடைந்தார். அங்கே முன் வந்தவர் இருக்கை அமைத்து நீர் வைப்பார். பின் வந்தவர் உண்ட இடத்தைத் துப்புரவு செய்வார். ஒருவரையொருவர் ஏவுதல் இல்லை. நம் பிள்ளைகளும் அவ்வாறே வாழ்க. ஆனால், முறைவைத்துத் துடைப்பம் எடுப்பது தருமம். பிறப்புக் கருதி அது ஒருவர் கையிலேயே தங்குமாயின் அதருமம். அதனை மென்மொழியால் மறுத்தல் வேண்டும். தீராவிடின் விடுதிக் காப்பாளரிடம் எழுத்தால் முறையிடல் வேண்டும்.

இவையனைத்தையும் பிள்ளைகளின் தலையில் மட்டும் சுமத்துதல் தகாது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஆய்வு மாணவர் ரோகித் வேமுலா 2016 ஜனவரியில் உயிர்நீத்தார். அவர்தம் அன்னையாரும் இளவலும் அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று மும்பையில் பௌத்தம் தழுவினர். அத்துயரை அறிந்த நாம், நம் பிள்ளைகளை அனுப்பியதோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. வாரந்தோறும் அவர்களுடன் பேசுவோம். உண்டனையோ என்பதோடு, அங்கே உன்னை எவ்வாறு நடத்துகின்றனர் என்றும் கேட்போம். தளர்ந்த குரல் செவிப்படின் அன்றே புறப்பட்டுச் செல்வோம். சங்கம் சரணம் என்று நாள்தோறும் ஓதுகின்ற நாம், அச்சொல்லுக்குப் பொருள் தருவது இவ்வாறே.