தொழிலும் ஊரும்

ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள துல்சா நகர் ஒரு காலத்தில் எண்ணெய் வணிகத்தாற் செழித்தது. வெளியூர் நிறுவனங்களுக்கு இணையவழி வேலை செய்வோர் அங்கு குடியேறி ஓராண்டு தங்கின் 10,000 டொலர் வழங்கப்படும் என 2018இல் ஜோர்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளை அறிவித்தது.

இவ்வழைப்பை ஏற்க எண்ணும் ஒருவர் முதலிற் கணக்கிடுவது வாடகையையே. பெருநகர் ஊதியத்தைச் சிறுநகர் விலைவாசியிற் செலவிடுவது அவருக்குப் பெருநன்மையே. அதனைப் பேராசையெனப் பழித்தல் முறையன்று. ஆயின் அறவியல் நோக்கில் வினா அத்துடன் முடிவதில்லை. முன்னர் ஓர் ஊருக்கு மாற்றலாகிச் சென்ற ஆசிரியரை அவரது தொழிலே அவ்வூராருடன் பிணைத்தது. விரும்பினும் விரும்பாவிடினும் அவர்களின் பிள்ளைகளையும் வறுமையையும் அவர் அறிந்தே ஆகவேண்டியிருந்தது. இணையவழிப் பணியாளருக்கோ அக்கட்டாயம் இல்லை. அண்டை வீட்டாரின் பெயரையும் அறியாது அவர் அங்கு ஆண்டுகள் பல வாழ்ந்துவிடலாம். இத்தகையோர் பெருகின் வாடகை உயர இடமுண்டு. உள்ளூர்ச் சம்பளத்தில் அதனைச் செலுத்தவேண்டிய உணவகப் பணியாளரின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை.

அதற்காகப் பெருநகரிலேயே தங்கிவிடுவதும் விடையாகாது. சிறுநகருக்கு வரியும் வணிகமும் வேண்டும். துல்சாத் திட்டத்தினர் வந்தோரை ஊர்த்தொண்டில் ஈடுபடத் தூண்டுவது, தொழில் தாராத பிணைப்பை வேறு வழியில் தேடுவதாற் போலும்.