கைகளை விடுவிக்கும் மரம்

தோலைத் தைக்க எத்தனை கைகள் வேண்டும்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். தைப்பவர் அருகே சிறிது நேரம் நின்று பார்த்தால் அதன் பொருள் விளங்கும். குத்தூசியால் துளையிட ஒரு கை. ஊசியை வாங்கி நூலை இழுக்க மற்றொரு கை. தோல் நழுவாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை. இறைவன் மனிதனுக்கு அளித்தவையோ இரண்டே. மதுரையின் பேருந்து நிலைய ஓரங்களிலும் கடைவீதி முனைகளிலும் காலணி தைப்போர், மூன்றாவது கைக்குத் தங்கள் உடலையே ஈடாகத் தருகின்றனர். தரையில் அமர்ந்து, பாதங்களுக்கும் முழங்கால்களுக்கும் இடையே தோலை இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்துத் தைக்கின்றனர். பொழுது சாய்கையில் கையைவிட இடுப்பும் கழுத்துமே அதிகம் நோகும்.

மேலைநாட்டுச் சேணத் தொழிலாளர் இந்த மூன்றாவது கையை மரத்தில் செய்துகொண்டனர். ஏறத்தாழ மூன்றடி நீளமுள்ள இரண்டு மரச்சட்டங்கள். அடிப்பக்கத்தில் இடையே ஒரு கட்டையை வைத்து இரண்டையும் இணைப்பர். மேற்பக்கம் அவை ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து பறவையின் அலகுபோல் கூடும். அலகின் உட்புறம் மெல்லிய தோலை ஒட்டிவிட்டால், தைக்கும் பொருளில் வடு விழாது. நடுவே ஒரு திருகாணி இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். தொழிலாளி முக்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, இந்த இடுக்கியைத் தொடைகளுக்கிடையே நிறுத்திக்கொள்கிறார். இப்போது இரு கைகளும் விடுதலை பெறுகின்றன. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் செலுத்தி இழுக்கிறார். ஓர் இழை அறுந்தாலும் மற்றது தையலைத் தாங்கி நிற்கும். இயந்திரத் தையலுக்கு இவ்வுறுதி இல்லை. நம் ஊர்ப் பூவரசையும் வேம்பையும் கொண்டு எந்தத் தச்சரும் செய்து தரக்கூடிய எளிய கருவி இது.

"தரையில் அமர்ந்து உழைப்பது நம் மரபு, அதில் இழிவென்ன?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நம் தச்சரும் பொற்கொல்லரும் தரையில் அமர்ந்தே அரும்பொருள்களைப் படைத்தனர். தரை எவரையும் தாழ்த்துவதில்லை. ஆனால் தச்சர் தரையிலமர்ந்தபோது அவரை ஆசாரி என்றழைத்த அதே ஊர், தோல் தைப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரு கையின் திறனை நாடிப் பெற்றுக்கொண்டு, அக்கைக்குரிய மனிதரை மறுப்பது எவ்வாறு இயல்கிறது?

இம்முரண் மிகப் பழையது. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு உவமை தேடுகிறார். ஊரில் விழா; மனைவிக்குப் பேறுகால நோவு; மழை பெய்ய, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் விரைந்து கட்டில் பின்னும் ஒருவனது கையிலுள்ள, தோல்வாரைச் செலுத்தும் ஊசியே அவ்வுவமை. வேந்தனின் வீரத்தை அளக்க அந்த ஊசி தகுதி பெற்றது. அதைப் பிடித்தவனுக்கோ அப்பாடலே 'இழிசினன்' எனப் பெயரிட்டது.

மதுரைச் சமவெளியின் கிணறுகளும் இதே கதையைச் சொல்லும். மின்இறைப்பான்கள் பரவும் முன்னர், எருதுகள் பூட்டிய கமலையே தோட்டங்களுக்கு நீர் தந்தது. சாலின் அடியில் பொருத்திய தோற்குழாயைக் கையால் தைத்தவர் தோல் தொழிலாளியே. அவர் தையல் பிரிந்தால் பயிர் வாடும். ஆயினும் பல ஊர்களில் பொதுக் கிணற்றில் நீர் மொள்ள அவருக்கு உரிமையில்லை. அவர் கைபட்ட தோலின் வழியே ஏறிய நீர் எல்லாருக்கும் ஏற்றதாயிற்று. அவர் கை மட்டும் ஆகாததாயிற்று.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடல் இம்மனப்பான்மையின் வேரைத் தொடுகிறது. உழைப்பின் மதிப்பைச் செய்யும் வேலையின் வகையைக் கொண்டு அளத்தலாகாது, செய்பவர் மனிதர் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும் என அது கற்பிக்கிறது. திருத்தூதர் பேதுருவும் யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்தான் பல நாள் தங்கினார். தூயது, தீட்டானது என்னும் பாகுபாட்டைக் கலைத்த காட்சி அவருக்குக் கிட்டியதும் அவ்வீட்டின் மேல்தளத்தில்தான். அங்கிருந்தே அவர் பிற இனத்தவரான கொர்னேலியுவின் இல்லத்துக்குப் புறப்பட்டார்.

அப்படியாயின், இரண்டு மரச்சட்டங்கள் பல நூற்றாண்டு இழிவைத் துடைத்துவிடுமா? துடைக்கா. தமிழகத்தில் தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட அருந்ததியர் மக்களுக்கு 2009ஆம் ஆண்டு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. கல்வியும் சட்டமும் திறக்கும் கதவுகளை ஒரு கருவி திறக்க இயலாது. தோல் தொழிலாளியின் மகன் அத்தொழிலிலேயே நீடிக்கவேண்டும் என்று எண்ணி இதைப் பரிந்துரைப்போமாயின், அதுவும் பழைய தளையின் புதிய வடிவமே.

எனினும் இன்று அத்தொழிலில் இருப்பவரின் முதுகு இன்றே நோகிறது. நாளைய நீதியைக் காட்டி இன்றைய நோவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல நமக்கு உரிமையில்லை. பங்கின் அன்பியமோ வின்சென்ட் தே பவுல் சபையோ தச்சரிடம் சொல்லி ஓர் இடுக்கி செய்து தர முன்வரலாம். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். இடுக்கியின் வாய், அமர்ந்திருப்பவரின் மார்பளவுக்கு வரவேண்டும். உயரம் கூடினால் தோள் நோகும். குறைந்தால் மீண்டும் முதுகு வளையும். யாருக்கோ செய்த அளவு இவருக்குப் பொருந்தாது.

எனவே, அவரிடம் சென்றே ஆகவேண்டும். "ஐயா, உங்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? இப்படி ஒன்று உங்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்கவேண்டும். "வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதையும் ஏற்கவேண்டும். அவர் அருகே அமர்ந்து அளவெடுக்கவேண்டும். இரக்கத்தை எட்டி நின்றும் வீசிவிடலாம். அளவெடுக்க அருகில் சென்றாகவேண்டும்.