தோற்ற மேட்ச்சில் ஒரு கோல்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல். முழங்கால் வரை புழுதியோடு ஓடி வந்தான் என் பையன். "அப்பா, நான் ஒரு கோல் போட்டேன்!"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டேன். "ஜெயிச்சீங்களா?"

"இல்லப்பா... 2-1ல தோத்துட்டோம்."

"அப்புறம் என்னடா?"

முகம் சுருங்கிப்போச்சு. பேசாமல் கால் கழுவப் போய்விட்டான். பி.காம். படித்த புத்தி சார். எதிலும் கடைசி வரியைத்தான் பார்க்கும். லாபமா, நஷ்டமா? நடுவில் நடந்ததெல்லாம் கணக்கிலேயே வராது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே 2-1 கணக்கில் தோற்ற இன்னொரு மேட்ச் ஞாபகத்துக்கு வந்தது.

1948, ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத இந்தியா, இல்ஃபோர்டு மைதானத்தில் ஃபிரான்ஸோடு மோதியது. நம் ஆட்களில் பலருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது. முதல் பாதியிலேயே ஃபிரான்ஸ் ஒரு கோல். 70-வது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டும் வீண். 89-வது நிமிஷத்தில் ஃபிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. அவ்வளவுதான், மூட்டை கட்டியாச்சு.

என் கணக்குப்படி ராமனின் கோலுக்கு மதிப்பு பூஜ்யம். அது விழாமலே இருந்திருந்தாலும் தோல்விதானே? ஆனால், அந்தப் பத்தொன்பது நிமிஷம் ஃபிரான்ஸும் நாமும் சமம். நடந்தது நடந்ததுதான். பின்னால் வந்த தோல்வி அதை எப்படி அழிக்கும்?

சரி, இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. "நான் என் வேலையைச் செஞ்சுட்டேன், தோத்தது அவனாலதான்" என்று கோல் போட்டவன் கையைக் கழுவிவிடலாம். ஆபீஸில் நாம் தினமும் கேட்கிற வசனம்!

அந்தப் பெனால்டிகளில் ஒன்றைக் கோட்டை விட்டவர் சைலேன் மன்னா. 'இவனாலதான் போச்சு' என்று அவரை ஒதுக்கியிருந்தால்? 1951-ல் டெல்லி ஆசியப் போட்டியில் ஈரானை 1-0 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியபோது, கேப்டன் அவர்தான். முடிவை வைத்துக் கோலை எடை போடக் கூடாது என்றால், தவறையும் அப்படி எடை போடக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு தராசு, இன்னொருத்தருக்கு வேறு தராசு நியாயமில்லையே.

காலையில் தோசை சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "எப்படிடா போட்ட அந்த கோல?"

தட்டு, டம்ளர், சட்னிக் கிண்ணம் எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி வைத்து விளக்கினான்.

"உங்க கோல்கீப்பர் என்னடா பண்ணான்? ரெண்டு கோல விட்டுட்டானே..."

"பாவம்பா, அழுதுட்டே இருந்தான். அவனை வீட்ல விட்டுட்டுத்தான் நான் வந்தேன்."

நான் ராத்திரி முழுக்க முழித்துப் போட்ட கணக்கை, அவன் வீட்டுக்கு வருகிற வழியிலேயே போட்டு முடித்திருக்கிறான்.