காணாத கைக்கு ஈதல்

பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் முகமலர்ச்சியை அன்றே காண்கிறோம். சீரமைப்பு அறுவை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருள் ஈந்தால், பயன் பெறுவோரை நாம் காண்பதில்லை, ஆராய்ச்சி தோற்கவுங்கூடும். நிலையா உடலைத் திருத்த இத்துணைச் செலவு தகுமோ எனவும் ஐயுறுகிறோம்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் குறைவது ஏனென்று தம் குழுவினருடன் ஆராய்ந்தார். சதை தானே அழுகுவதன்று. உணர்விழந்த கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் புண்படுகிறது என்று கண்டார். செயலிழவாத தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். இரந்த கைகள் பல உழைக்கும் கைகளாயின.

உடல் நிலையாததே, ஆயினும் அஃது உள்ளவரை துன்பம் மெய்யன்றோ? தோற்ற சோதனையும் பின்வருவோர்க்கு வழிகாட்டும். காணாதார்க்கு ஈவதில் நன்றியும் புகழும் நமக்கு இல்லை. அதனாலேயே அதனைத் தூய தானம் என்கிறோம்.