அச்சமும் வாய்மையும்

பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யாமை. உண்மையை அறிந்தும் வாய் திறவாதவன் இச்சீலத்தில் வழுவியவனாவானா? இவ்வினாவை நம்முன் நிறுத்தும் திரைப்படம், 1980-ஆம் ஆண்டில் விஜய் டெண்டுல்கர் எழுத, கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘ஆக்ரோஷ்’ என்னும் இந்திப் படம்.

மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட லஹானியா என்னும் பழங்குடித் தொழிலாளி நீதிமன்றத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளை மானபங்கம் செய்தவர்கள் அப்பகுதியில் அதிகாரம் படைத்தவர்கள். அவனுக்காக வாதிடும் இளைஞர் பாஸ்கர் குல்கர்ணி உண்மையைத் தேடி அலைகிறார். எதிரில் நிற்கும் அரசாங்க வழக்கறிஞர் துஸானே அவருக்கு வழிகாட்டியான மூத்தவர். பழங்குடியிற் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். தொலைபேசியில் வரும் வசவுகளையும் பொறுத்துக்கொண்டு, வழக்கின் எல்லையைத் தாண்டி எதையும் வினவ மறுக்கிறார். ஏழையின் வாயை அடைத்த அச்சம் கற்றவரிடம் கடமை என்னும் பெயர் பூண்டு நிற்கிறது. இறுதியில், தந்தையின் ஈமச்சடங்கிற்கு அழைத்துவரப்பட்ட லஹானியா, தங்கைக்கும் அக்கதி நேராதிருக்க அவளையே வெட்டிக் கொன்று கதறுகிறான்.

இது கதையளவில் நிற்பதன்று. கருநாடகத்தின் சிந்தாமணி வட்டத்துக் கம்பாலப்பள்ளியில் 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 11-இல் தாழ்த்தப்பட்டோர் எழுவர் எரித்துக் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பிறழ்ந்தமையால் 2006-இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். 2014-இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

அச்சாட்சிகளைச் சீலம் தவறியவர் என்று பழிக்க நாம் துணியோம். அங்குத்தர நிகாயத்தில் ததாகதர் ஐந்து சீலங்களையும் பெருந்தானங்கள் என்றார். அவற்றைக் காப்பவன் எண்ணிறந்த உயிர்களுக்கு அபயம் அளிக்கிறான் என்பதே காரணம். ஆகவே சீலம் என்பது ஒருவன் தன்னளவில் காக்கும் தூய்மை மாத்திரமன்று. பிறர் அஞ்சாது வாழ அவன் அளிக்கும் கொடையுமாகும். அபயம் கொடாத ஊருக்கு வாய்மையைக் கேட்கும் உரிமை ஏது?

துஸானேயின் நிலை வேறு. அவருக்கும் அச்சம் உண்டு. எனினும் பதவியும் கல்வியும் அவருக்கு அரண். எவனுக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டோ, அவ்வளவுக்குப் பேசும் கடமையும் உண்டு என்பது நமது துணிபு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டுச் சாட்சிகளின் பாதுகாப்பு உரிமையாக்கப்பட்டது. ஆயினும் சாட்சி சொன்னவன் மாலையில் திரும்ப வேண்டியது தன் ஊருக்கே. அங்கே அவனுக்குக் கூலியும் தண்ணீரும் மறுக்கப்படுமாயின், சட்டம் தந்த அபயம் நீதிமன்ற வாயிலோடு முடிந்துவிடும். இலட்சிய வழக்கறிஞர் ஒருவர் மட்டும் இதனை மாற்றவியலாது. பெங்களூரில் அச்சமின்றி வாழும் நாம், லஹானியாவுக்கு இரங்குமுன், துஸானேக்கு எத்துணை அருகில் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.