விரதம் வேற, பட்டினி வேற

என் பாட்டி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க 48 நாள் விரதம் இருப்பார். ஒருவேளைதான் சாப்பாடு. ஒருமுறை, "பசிக்கலையா பாட்டி?" எனக் கேட்டேன். "விரதம் வேற, பட்டினி வேறய்யா. விரதம்னா முடியிற நாள் தெரியும்" என்றார். பிறகு பீடோங் பக்கம் தான் வளர்ந்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். மரம் சீவி முடித்ததும் அவருடைய அம்மா கிராணி வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவாராம். கூடப் போகும் பாட்டி குசினி வாசலில் உட்கார்ந்திருப்பார். "லயத்துல இருக்கிறப்ப அந்தப் பசி தெரியாது. அங்க மீன் பொரிக்கிற வாசம் வரும் பாரு, அப்பத்தான் வயித்தப் பெரட்டும்."

அன்று அதை வெறும் மனசு சமாச்சாரம் என்றே எடுத்துக்கொண்டேன். பொறியியல் படித்தவனுக்கு உடம்பும் ஓர் இயந்திரம். எரிபொருள் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதானே.

அந்தக் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. உணவு நின்றால் இன்சுலின் இறங்குகிறது. வளர்ச்சி ஹார்மோன் கூடினாலும் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. எலும்பையும் தசையையும் வளரச் சொல்லும் ஐஜிஎஃப்-1 குறைந்துவிடுகிறது. அழுத்த ஹார்மோனான கார்டிசோல் ஏறினால் தசையின் புரதம் உடைக்கப்பட்டு சர்க்கரையாகிறது. வளரும் உயிருக்கு இதன் பொருள் எளிது: இன்று பிழைத்திரு, வளர்வதை அப்புறம் பார்க்கலாம்.

1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து, எந்தத் துன்பம் வந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதறும் என்றார். குளிரோ காயமோ பட்டினியோ, எல்லாம் ஒன்று. பின்னால் ஜான் மேசன் இதைக் குரங்குகளிடம் சோதித்தார. பக்கத்துக் கூண்டுகளுக்குத் தீனி போகும்போது சில குரங்குகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவற்றின் அழுத்த ஹார்மோன் ஏறியது. அடுத்து, பட்டினி கிடக்கும் குரங்குகளைத் தனியே வைத்து, வழக்கமான தீனியைப் போலவே இருக்கும், ஆனால் சத்தே இல்லாத உருண்டைகளைக் கொடுத்தார். வயிறு நிறைந்தது; சத்து எதுவும் சேரவில்லை. ஆனாலும் ஹார்மோன் அப்படி ஏறவில்லை.

படித்ததும் எனக்குக் குசினி வாசல்தான் நினைவுக்கு வந்தது. பாட்டியின் வயிற்றைப் புரட்டியது பசி மட்டும் இல்லை. தனக்கு மட்டும் இல்லை என்பதும் சேர்ந்துதான்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. மனசு அமைதியானால் போதும், பசி பெரிசில்லை என்று யாரும் இதிலிருந்து பாடம் எடுத்துவிடலாம். அந்தச் சத்தில்லாத உருண்டை அடக்கியது உடம்பின் அலறலை, குறையை அல்ல. தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுத்த சீனி போட்ட வரக்கோப்பியும், பெரியவர்களுக்கு மாலையில் கிடைத்த கள்ளும் இந்த உருண்டையின் உறவுதான். 1947-இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளை எதிர்த்து நின்றதை நான் முன்பு ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் பார்த்தேன். அலறலை அடக்கிவிட்டால் குறையை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என இப்போது தோன்றுகிறது.

இதன் மறுபக்கத்தை 1951-இல் எல்சி விடோசன் எழுதினார். போருக்குப் பிந்திய ஜெர்மனியில் இரண்டு அநாதை இல்லங்கள். முதல் ஆறு மாதம் இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதம் ஒன்றுக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் கூடுதல் உணவு பெற்ற பிள்ளைகள்தான் குறைவாக எடை கூடினார்கள். அதே சமயத்தில் அந்த இல்லத்துக்கு ஒரு கடுமையான மேற்பார்வையாளர் மாற்றலாகி வந்திருந்தார். சாப்பாட்டு நேரம் பார்த்து எல்லார் முன்னாலும் பிள்ளைகளைத் திட்டுவது அவர் வழக்கம். அவருக்குப் பிடித்த சில பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள்.

எனக்கு இதை நம்ப ஆய்வுக் கட்டுரை தேவைப்படவில்லை. ஆரம்பப் பள்ளியில் இலவசச் சாப்பாட்டுக்கான பெயர்களைச் சபைகூடலில் வாசிப்பார்கள். என் பெயரும் இருந்தது. ஓய்வு மணி அடிக்குமுன் எங்களை மட்டும் எழுந்து போகச் சொல்வார்கள். "சோத்துக்கு மட்டும் சீக்கிரம் வந்துருவீங்க" என்று ஒரு குரல். நாசி லெமாக் நல்லாத்தான் இருந்தது. பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கொடுத்தவர்கள் கணக்கில் நான் சாப்பிட்டவன்.

ஆக, பசித்த உயிருக்கு நாம் பட்ட கடன் இரண்டு பாதி. ஒன்று சோறு. மற்றது, பயமும் அவமானமும் இல்லாமல் அதைச் சாப்பிடும் இடம். ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது. குரங்குக்கு ஆறுதல் கிடைத்தது, உணவு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது, ஆறுதல் இல்லை.

சில நேரம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியாதபடி நாமே செய்துவிடுகிறோம். நாம் சாப்பிடும் பண்ணைக் கோழி வேகமாகச் சதை வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். அதைப் பெறும் தாய்க்கோழிக்கும் அதே பசி. ஆசை தீரத் தின்ன விட்டால் கொழுத்து, கால் முடங்கி, முட்டையும் குறையும். அதனால் வளரும் பருவத்தில் அளந்து, பசியோடே வைக்கிறார்கள். நார்ச்சத்தைக் கலந்து வயிற்றை நிரப்பிப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு; மறுபடியும் அதே உருண்டை. கோழி கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்றால் கலப்பது நல்லதுதான். ஆனால் அதோடு கடன் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீராத பசியை உண்டாக்கியதே நாம்தான்.

பாட்டி விரதம் முடிக்கும் நாளில் முதல் கவளத்தை அவசரமில்லாமல் சாப்பிடுவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். எங்கள் தட்டிலும் சோறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.